உருசைனாவும் முந்நூறாவது சொல்லும்

நல்லாட்சி எங்கே நடக்கிறது என்று தேடிக் கப்பலேறிப் போகிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. மாத்தளைக்கு பஸ் ஏறினால் போதும். முத்துமாரியம்மன் கோவிலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் ஒரு மிளகுக் கடை. அதன் மேல்மாடியில் இயங்குகிறது 'பெயர்கள் மற்றும் எழுத்துகள் சீராக்கல் ஒருங்கிணைப்பு உபபிரிவு'. குடிமக்களின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அதைத் திருத்துவதற்கென்றே பிறந்த காரியாலயம். பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் இருக்கிறது. மூன்று மொழியிலும் பிழை இருக்கிறது. பாரபட்சம் கிடையாது.

அந்த உபபிரிவின் உயிர்நாடி, பிரதம லிகிதர் சிவராசா. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து பதினொரு வருடம். தமிழுக்குத் தீங்கு வந்தால் சோறு இறங்காத மனிதர். 'மேசை'யை எழுதுபலகை என்றும், 'அலுமாரி'யை அடுக்குப்பேழை என்றும் மாற்றிச் சுற்றுநிருபம் விட்டவர். அதற்குப் பிறகு அந்தக் காரியாலயத்தில் ஆவணக் கோவைகள் எங்கே இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாமற் போனது உண்மைதான். ஆனாலும் அவை தூய தமிழில் தொலைந்திருந்தன.

அவருக்கு ஒரேயொரு பொழுதுபோக்கு. அதைப் பொழுதுபோக்கு என்று சொல்வதே தவறு, கடமை. 'நாலெழுத்து' என்று கைபேசியில் ஓர் ஆட்டம். ஒவ்வொரு நாளும் ஒரு சொல் வரும், உலகத்துக்கெல்லாம் அதே சொல்தான். நாலு எழுத்து. 'த' வேறு எழுத்து, 'தோ' வேறு எழுத்து. ஆறு தடவை ஊகிக்கலாம். போட்ட எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை. சொல்லில் இருந்தும் இடம் மாறியிருந்தால் மஞ்சள். இல்லவேயில்லை என்றால் சாம்பல். ஆறு தடவையிலும் பிடிபடாவிட்டால், அதுவரை தொடர்ந்து வென்ற நாட்கள் எல்லாம் அழிந்து பூச்சியமாகிவிடும்.

சிவராசா இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது நாள் தொடர்ந்து வென்றிருந்தார். 'வென்றிருந்தார்' என்பதற்கு, உபபிரிவு முழுவதும் காலை ஒன்பது மணிக்குக் கூடி, கலந்தாலோசித்து, தேநீர் குடித்து, அவருக்குச் சொல் கண்டுபிடித்துக் கொடுத்தது என்று பொருள்.

முந்நூறாவது நாள் ஒரு புதன்கிழமை. புதன்கிழமை பொதுமக்கள் தினம். அதனால் பொதுமக்களும் வந்திருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி றுஸைனா. உக்குவளைக்காரி. வயது இருபத்தொன்பது. கணிதம் படித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்காக மூன்று வருடம் காத்திருந்தவள். அடுத்த நாள் காலை கண்டியில் நேர்முகப் பரீட்சை. அடையாள அட்டையிலும் பட்டத்திலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வர வேண்டாம் என்று அழைப்புக் கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது.

அட்டையில் றுஸைனா. பட்டத்தில் றுஸைனா. இந்த உபபிரிவு எடுத்துக் கொடுத்த பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியில் மட்டும் 'உருசைனா'.

அது கைப்பிழை அல்ல. கொள்கை. இதை முதல் தடவை வந்தபோதே சிவராசா அவளுக்கு விளக்கியிருந்தார்.

"இஞ்ச பாரும் பிள்ளை. 'ற' தமிழில சொல்லுக்கு முன்னுக்கு வராது. 'ர'வும் வராது. வந்தால் முன்னுக்கு ஒரு 'உ' போடவேணும். 'ஸ' தமிழே இல்லை. அப்ப என்ன மிஞ்சுது? உருசைனா. வடிவான பேர்."

"சேர், அது என்ட பேரில்லையே."

"இலக்கணப்படி அதுதான் உம்மட பேர். நீர்தான் இவ்வளவு நாளும் பிழையாக் கூப்பிட்டிருக்கிறீர்."

இரண்டாவது தடவை வந்தபோது முத்திரை தொலைந்திருந்தது. மூன்றாவது தடவை, முத்திரை தொலைந்ததை எழுதி வைக்கும் புத்தகம் தொலைந்திருந்தது. இது நாலாவது.

காத்திருப்போர் உட்காரும் நீள வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் மஹ்ரூப் உட்கார்ந்திருந்தார். மிளகு, சாதிக்காய் வியாபாரி. அவருடைய பிரதியில் 'மகரூபன்' என்று வந்திருந்தது.

"முப்பது வருஷமா இந்த டவுன்ல மஹ்ரூப் ஹாஜியார்னுதான் கூப்பிடுறாங்க," என்றார் அவர். "இப்ப மகரூபனாம். வார கோயில் தேருக்கு வடம் புடிக்கக் கூப்பிட்டு ஆள் அனுப்பினாலும் அனுப்புவாங்க."

"நீங்க எத்தனாவது தரம் மாமா?"

"எண்ணுறத வுட்டுட்டேன் மகள். இந்தக் கந்தோர் வாங்கு என்ட முதுகுக்குப் பழகிப் பெய்த்து. ஊட்டு மெத்தையில நித்திர வருதில்ல."

அலுவலர்களையும் மக்களையும் பிரிக்கும் கருமபீடத்துக்கு மேலே ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. 'இன்றைய முன்னேற்றம்' என்று தலைப்பு. ஒன்பதே காலுக்கு அலுவலக உதவியாளர் மாரிமுத்து வந்து அதில் பெரிதாக எழுதினார்: தமிழர்.

மஹ்ரூப் பெருமூச்சு விட்டார். "இன்னைக்கு மொதல்ல தமிழாக்களக் கூப்பிடுறாங்க போல."

பத்து மணிக்கு 'வேந்தர்'.

"இப்ப பெரிய ஆக்கள்."

பத்தே முக்காலுக்கு 'மாந்தர்'. பதினொன்றரைக்கு 'மைந்தர்'.

"ஆம்புளப் புள்ளைகளாம். நம்மட வரிச எப்ப வருமோ, ஒன்னும் வெளங்குதில்ல."

றுஸைனாவுக்கு விளங்கியது. அவளும் நாலெழுத்துக்காரிதான். இன்றைய சொல்லை உக்குவளையிலிருந்து வரும் பஸ்ஸிலேயே நாலாவது முயற்சியில் பிடித்துவிட்டாள். பிடித்ததும் தனக்குள் சிரித்துக்கொண்டாள். இந்தச் சொல்லை இன்றைக்கா போட வேண்டும் என்று.

அந்த ஆட்டத்தில் அவளுக்கு ஏன் அவ்வளவு பிரியம் என்று அவள் நிறைய யோசித்திருக்கிறாள். யோசிப்பதற்கு வாங்குகள் வேண்டிய அளவு கிடைத்திருந்தன. எழுத்தைப் போட்டால் உடனே பதில் வருகிறது. பிழை என்றால் பிழை, இடம் மாறியது என்றால் மாறியது. நாளைக்கு வா என்று சொல்வதில்லை. யார் சிபாரிசு என்று கேட்பதில்லை. உலகத்தில் அவள் ஒன்றைக் கேட்டு, அந்த நிமிடமே நேர்மையான பதில் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். ஒரு நாளைக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்குப் பிறகு மிச்ச நாளைத் தாங்கிக்கொள்ளலாம்.

அதனால்தான் உபபிரிவு ஆடும் விதத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. 'த' இல்லை என்று முதல் சொல்லே சாம்பல் நிறத்தில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் மூன்று தடவை 'த' போட்டிருந்தார்கள். ஆனால் இதைக் குறையாகச் சொல்லக்கூடாது. கிடைத்த பதிலைக் கோவையில் சேர்க்காமல் அதே கேள்வியை மறுபடி அனுப்புவது அரச நிர்வாகத்தின் ஆதார சுருதி.

பன்னிரண்டு மணிக்கு மாரிமுத்து ஐந்தாவது சொல்லை எழுதினார்: வந்தோர்.

மஹ்ரூப் துள்ளி எழுந்தார். "அல்ஹம்துலில்லாஹ்! வந்தோர்! நம்மதான் மகள் வந்தோர்!" கோவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கருமபீடத்துக்கு ஓடினார். "சேர், வந்தீக்கிறேன்!"

"ஐயா, ஒக்காருங்க," என்றார் மாரிமுத்து. "அது உங்களக் கூப்பிடலங்க. அது ஊகம்."

"நான் வந்தது ஊகமா?"

உள்ளே யாரும் அவரைப் பார்க்கவில்லை. அங்கே பெரிய ஆரவாரம். மூன்று எழுத்துப் பச்சையாகிவிட்டது. முதல் கட்டம் மட்டும் வெறுமை. அதற்குப் பிறகு 'ந்', 'தோ', 'ர்'. மிச்சம் ஒரேயொரு வாய்ப்பு.

ஆரவாரம் மெல்ல அடங்கி, அங்கே ஒரு பயம் பரவியது. அடுக்குப்பேழையின் மேல் காலையிலேயே வாங்கி வைத்த கேக் இருந்தது. அதில் சிவப்பு ஐசிங்கில் 300.

"தந்தோர் எண்டு போடுவம் ஐயா," என்றார் விடயப் பொறுப்பு உத்தியோகத்தர் சுசீலாதேவி.

"த இல்லையெண்டு எப்பவோ சொல்லிப்போட்டுது," என்றார் சிவராசா. அன்றைக்கு முதன்முதலாக அவர் அதைக் கவனித்திருந்தார்.

"அப்ப நொந்தோர்?"

"ஆர் நொந்தது? இஞ்ச ஒருத்தரும் நோகேல்லை."

"வெந்தோர்? ஈந்தோர்?"

சிவராசா கண்ணாடியைக் கழற்றினார். "தேவி, மூண்டு சொல் இருக்கு. ஒரு முறைதான் இருக்கு. பிழைச்சால் முந்நூறு நாளும் பூச்சியம். பென்சன் எடுத்துக்கொண்டு போகேக்குள்ள நான் எதைக் கொண்டு போறது?"

பிறகு வெளியே வந்து பொதுமக்களிடம் அறிவித்தார். "ஒரு முக்கியமான தீர்மானம் எடுக்கவேண்டி இருக்கிறபடியால், இண்டைக்குப் பொதுமக்கள் சேவை இடைநிறுத்தப்படுது. எல்லாரும் வாற புதன் வாங்கோ."

வாங்கு முழுவதும் எழுந்தது. முணுமுணுத்தது. படியை நோக்கித் திரும்பியது. அதற்குப் பழக்கமிருந்தது.

றுஸைனா மட்டும் எழுந்திருக்கவில்லை. வாற புதன் என்பது நேர்முகப் பரீட்சைக்கு ஆறு நாள் பிந்தி. அவள் பலகையைப் பார்த்தாள். தன் கையிலிருந்த பிரதியைப் பார்த்தாள். அடுத்தவருக்குச் சொல்லைச் சொல்லிக்கொடுப்பது நாலெழுத்துக்காரர்களிடையே ஈனமான காரியம். அவள் தன் தங்கச்சிக்குக்கூட இதுவரை சொன்னதில்லை. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகியது.

பிறகு கருமபீடத்துக்குப் போனாள்.

"சேர். அந்த மொத எழுத்து எனக்குத் தெரியும்."

சுசீலாதேவியின் கையில் தேநீர்க் கோப்பை அந்தரத்தில் நின்றது.

"பிள்ளை," என்றார் சிவராசா. "உள்ளக விடயங்களில பொதுமக்கள் தலையிடுறதுக்கு ஏற்பாடு ஒண்டும் இல்லை."

"சரி சேர்." அவள் திரும்பினாள்.

"நில்லும்."

நின்றாள்.

"உண்மையாத் தெரியுமோ?"

அவள் கைபேசியைத் தூரத்தில் பிடித்துக் காட்டினாள். சொல்லை விரலால் மறைத்திருந்தாள். விரலுக்குக் கீழே ஒரு பச்சைப் பட்டி தெரிந்தது.

"ஒங்களுக்கு ஒரு எழுத்து வேணும் சேர். எனக்கு மூனு எழுத்து. 'உ'வ எடுக்கணும். 'ரு'வ 'று'வாக்கணும். 'சை'ய 'ஸை'யாக்கணும். ஒங்கட ஒன்னுக்கு என்ட மூனு. சரியா வரும்தானே? நான் கணக்கு டீச்சராகப் போறவ."

"'ற' சொல்லுக்கு முன்னுக்கு வராது!"

"வராட்டி வேணாம் சேர். நானும் பெய்த்து வாறேன்."

"ஐயா," என்றார் சுசீலாதேவி மெல்ல. "கேக்கில முந்நூறெண்டு எழுதியாச்சு."

சிவராசா ஜன்னலோரம் போய் நின்றார். தூரத்து மலைகளைப் பார்த்தார். தமிழன்னையும் முந்நூறும் அவருக்குள் மோதினார்கள். அது ஒரு நிமிடத்துக்குக் குறையாத போராட்டம் என்பதை வரலாற்றுக்காகப் பதிந்து வைக்க வேண்டும்.

"தேவி," என்றார் திரும்பாமலே. "சுற்றுநிருபத்தில விசேட சந்தர்ப்பம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ?"

"ஓம் ஐயா. ஏழாம் பந்தி."

"அதைக் கொண்டு வாரும்."

அடுத்து நடந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இன்றைக்கும் நம்ப மறுக்கிறார்கள். தொலைந்த பதிவேடு சுசீலாதேவியின் கதிரையில் உயரத்துக்காக வைத்திருந்த கட்டுக்குள் இருந்தது. தொலைந்த முத்திரை மாரிமுத்துவின் மேசையின் இழுப்பு லாச்சியில், மாங்காய்க்கு உப்பு வைத்திருந்த கடதாசிச் சரைக்குப் பக்கத்தில் கிடைத்தது. மை இருந்தது. மின்சாரம் இருந்தது. அச்சு இயந்திரம், தன் சரித்திரத்தில் முதன்முறையாக, முதல் தாளிலேயே அச்சடித்தது. ஆறு வாரம் எடுக்கும் என்று சுவரில் சட்டகம் போட்ட அறிவித்தல் சொல்லியிருந்த திருத்தம் நாலு நிமிடத்தில் முடிந்தது.

றுஸைனா தாளை வாங்கினாள். வாசித்தாள். று. ஸை. னா. தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்தாள். இழுத்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"கந்தோர்."

"என்ன?"

"கந்தோர், சேர். 'க'. நீங்க இருக்கிற எடம்."

சிவராசா சுவர்ப் பக்கம் திரும்பினார். காரியாலயத்துக்கு ஊர் முழுக்கச் சொல்லும் அந்தச் சொல்லைப் பதினொரு வருடமாக அவர் விரட்டிக்கொண்டிருந்தார். சுவரில் அவர் ஒட்டியிருந்த 'தவிர்க்க வேண்டிய அந்நியச் சொற்கள்' பட்டியலில் முதலிடம் அதற்குத்தான்.

"அது ஒல்லாந்தன்ர சொல்!" என்றார். "அது தமிழே இல்லை. இந்தக் கட்டடத்துக்குள்ள அந்தச் சொல் வரக்கூடாதெண்டு நான் கையெழுத்து வச்சனான்!"

"அப்ப நாங்க இவ்வளவு நாளும் எங்க சேர் வந்து குந்திக்கிட்டு ஈக்கிறோம்?" என்று படியிலிருந்து மஹ்ரூப்பின் குரல் கேட்டது. போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார்கள். "காலையில இருந்து கந்தோர் கந்தோர்னு ஒங்கட காதடியில கத்துறோமே. ஒரு ஆளுக்குமா கேக்கல்ல?"

கேட்கவில்லை. பொதுமக்கள் பேசுவது கேட்பதற்கும் ஏற்பாடு ஒன்றும் இல்லை.

சிவராசா கைபேசியை எடுத்தார். 'க' போட்டார். அழித்தார். சுசீலாதேவியைப் பார்த்தார். கேக்கைப் பார்த்தார். மறுபடி 'க' போட்டார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

நாலும் பச்சை.

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம், கேக் வெட்டக் கத்தி தேடிய நேரம்.

"அன்பர்களே. இண்டைக்கு ஒரு பெரிய உண்மை தெரியவந்திருக்கு. கந்தோர் எண்டது தூய தமிழ். ஒல்லாந்தன் எங்களிட்ட இருந்து களவெடுத்தது. 'கந்து' எண்டால் தூண். யானை கட்டுற தூண். 'ஓர்' எண்டால் ஒரு. ஓரிடத்தில அசையாமல் கட்டுண்டு இருக்கிற இடம் எதுவோ, அது கந்தோர்!"

"கட்டி வச்சீக்கிறது யார சேர்?" என்று கேட்டார் மஹ்ரூப். நியாயமான ஆராய்ச்சிக் கேள்வி. ஆராய்ச்சியாளருக்கோ வாய் நிறையக் கேக்.

"சரி, என்ட பேரையும் மாத்தித் தந்துருங்களேன். முத்திரதான் இப்ப கையில ஈக்கே. பதிவேடும் ஈக்கு. நாலு நிமிஷம்."

"உமக்கு என்ன எழுத்துத் தெரியும்?"

"எனக்கா? எனக்கு மிளகுதான் தெரியும்."

"அப்ப வாற புதன் வாரும்."

மறுநாள் கண்டியில் ஓர் அதிகாரி றுஸைனாவின் மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சில் முனையால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டு போனார். அவளும் கூடவே எண்ணிக்கொண்டு போனாள். கடைசி எழுத்தில் பென்சிலைக் கீழே வைத்துத் தலையாட்டினார். அடுத்த மாதம் நியமனம் கிடைத்தது. றத்தோட்டைப் பக்கம் ஒரு பாடசாலை. தன் சொல்லை விற்றுத் தன் பெயரை வாங்கியதில் வெட்கப்பட வேண்டுமா என்று அவள் பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்துப் பார்த்தாள். வெட்கம் வரவில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து, தங்கச்சியின் பிரதி ஒன்றுக்காக அவள் மறுபடி அந்தப் படியேறினாள். காலை ஒன்பதாக ஐந்து நிமிடம். கண்ட காட்சியில் பிரமித்துப்போனாள்.

வாங்கில் இருபது பேர். ஒருவரும் பேசவில்லை, பெருமூச்சு விடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. எல்லோரும் கைபேசியில் தலை கவிழ்ந்து, உதடு அசைய, சொல் தேடிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துத் தாய்மார், ட்ரைவர்மார், கடைக்காரர்கள். மாத்தளை மாவட்டம் இவ்வளவு தமிழார்வத்தோடு இதற்கு முன் இருந்ததாக ஆதாரம் இல்லை. கருமபீடத்தில் புதிதாக ஓர் அறிவித்தல்: 'விசேட சந்தர்ப்பம் காலை 9.00 மணிக்கு. முதலில் சொல்பவருக்கு மட்டும்.'

மூலையில் மஹ்ரூப். அவர் இப்போது ஒரு பெரிய கைபேசி வாங்கியிருந்தார்.

"மகள்! நல்ல நேரத்துல வந்தீங்க. நாலு எழுத்து, ரெண்டாவது 'ற்'. எனக்கு என்னத்தப் போட்டாலும் சாம்பலாத்தான் வருது. சொல்லுங்களேன்."

அவள் குனிந்து பார்த்தாள். அதற்குள் ஒன்பதடித்து, வாங்கிலிருந்து ஒரு முச்சக்கரவண்டிக்காரர் உள்ளே ஓடினார். யோசித்தாள். கண்டுபிடித்தாள். காதில் சொல்லப் போன நேரம் கதவு திறந்து, அந்த முச்சக்கரவண்டிக்காரர் திருத்திய தாளை ஆட்டிக்கொண்டு சிரிப்போடு வெளியே வந்தார். மாரிமுத்து அறிவித்தலைத் திருப்பி வைத்தார். மறுபக்கத்தில் 'வாற புதன்'.

வாங்கு எழுந்தது. பத்தொன்பது பேர்.

சுசீலாதேவி கருமபீடத்தில் பூரித்துப்போய் இருந்தார். "கேள்விப்பட்டனீரோ பிள்ளை? எங்கட உபபிரிவுக்கு இந்த வருஷம் பாராட்டுச் சான்றிதழ். முந்தி மாசக்கணக்கில ஒருத்தருக்கும் ஒண்டும் முடியிறேல்லை. இப்ப ஒவ்வொரு பொதுமக்கள் தினமும் ஒரு ஆளுக்கு நாலே நாலு நிமிஷத்தில முடிச்சுக் குடுக்கிறம். ஒரு நாளும் தவறினதில்லை."

"நாலு நிமிஷத்துல ஏலும்னா மத்தாக்களுக்கும் செய்யலாமே மிஸ். ஏன் ஒரு ஆளுக்கு மட்டும்?"

சுசீலாதேவி அவளைப் பரிவோடு பார்த்தார். கணிதம் படித்த பிள்ளை. இந்தச் சின்னக் கணக்கு விளங்கவில்லையே என்று அவருக்கு உண்மையிலேயே கவலை வந்தது.

"ஒரு நாளைக்கு ஒரு சொல்தானே பிள்ளை வருது."